டேப்லெட் ஸ்கிரீன்ஷாட்: எடுத்த பிறகு சுருக்குவதா, எடுக்கும் முன்பே பெரிதாக்குவதா?

எங்கள் புளோக்கின் நான்காம் மாடியில் ஒரு பாட்டி இருக்கிறார். கண்புரை. சென்ற ஆண்டு அவருடைய கண் பரிசோதனைக்கு இணையத்தில் முன்பதிவு செய்து கொடுத்தேன். பதிவு உறுதியான பக்கத்தை மகளின் ஐபேடில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். பாட்டியின் பழைய கைப்பேசியில் இடம் இருக்காது என்று நினைத்து, படத்தின் நீள அகலங்களைக் கால் பங்காகச் சுருக்கி அனுப்பினேன். பாட்டி 18ஆம் தேதி காலையில் குளித்து, திருநீறு பூசி, பஸ் ஏறி மருந்தகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். சந்திப்பு 16ஆம் தேதி. "தம்பி, நீ அனுப்பியதில் பதினெட்டு என்றுதானே போட்டிருக்கிறது?" என்று அவர் கைப்பேசியை நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். எனக்கும் அது 8 ஆகத்தான் தெரிந்தது.

மறு தேதி கிடைக்க ஐந்து வாரம் ஆயிற்று. பாட்டி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதனாலேயே எனக்கு அந்த விஷயம் ஆறவில்லை.

வார இறுதிகளில் சமூக மன்றத்தில் மூத்தோருக்குக் கைப்பேசிப் பாடம் சொல்லித்தரும் தொண்டூழியன் நான். செயலிகளை எப்படிப் பயன்படுத்துவது என்று படம் போட்டுத் தமிழில் விளக்கும் தாள்களைத் தயாரிப்பது என் பொறுப்பு. வாரத்துக்கு இருபது முப்பது ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறேன். வீட்டில் இரண்டு டேப்லெட் இருக்கின்றன. ஒன்று, மகளின் உயர்நிலைப் பள்ளிப் படிப்புக்காக வாங்கிய 10.2 அங்குல ஐபேட். மற்றொன்று என்னுடைய 11 அங்குல சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9 பிளஸ். இரண்டிலும் எனக்குத் தெரிந்த எல்லா வழிகளையும் செய்து பார்த்து, படங்களைத் தாளில் அச்சிட்டும், மூத்தோரின் கைப்பேசிகளில் திறந்து பார்க்கச் சொல்லியும் ஒப்பிட்டேன். தாத்தா பாட்டிக்கு எதையாவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பும் எல்லாருக்கும், மாணவர்களுக்குப் பயிற்சித்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கும் இது உதவும் என்று நினைக்கிறேன்.

எழுத்து எங்கே தேய்கிறது

முதலில் ஒரு கணக்கு. ஐபேடைப் படுக்கைவாட்டில் வைத்தால் திரையின் அகலம் ஏறத்தாழ 21 சென்டிமீட்டர். கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்தால் அதன் திரை அகலம் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர். ஆகவே நீங்கள் படத்தில் கை வைக்காமல் அப்படியே அனுப்பினாலும், வாங்குபவர் கையில் எழுத்து மூன்றில் ஒரு பங்காகத்தான் தெரியும். நாம் படத்தை 'சுருக்குவதற்கு' முன்பே அது ஒரு முறை சுருங்கிவிடுகிறது. இதை நான் நெடுநாள் கவனிக்கவே இல்லை. டேப்லெட்டில் பார்க்கும்போது எல்லாம் தெளிவாக இருக்கிறதே என்று நம்பி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது, பிக்சல் கணக்கு, அதாவது படத்தை உருவாக்கும் நுண்கட்டங்களின் கணக்கு. அந்த ஐபேடின் ஸ்கிரீன்ஷாட் 2160க்கு 1620 பிக்சல். மொத்தம் 34,99,200 பிக்சல். நீள அகலங்களைப் பாதியாக்கினால் மொத்தம் கால் பங்காகிறது. கால் பங்காக்கினால் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 540க்கு 405, மொத்தம் 2,18,700 பிக்சல். அன்று பாட்டிக்கு நான் அனுப்பியது இந்தப் படத்தைத்தான். அவருடைய கைப்பேசித் திரை அதைவிட அகலமானது. இல்லாத பிக்சல்களைக் கைப்பேசி தானே இட்டு நிரப்பிப் படத்தை இழுத்துக் காட்டியது. 6இன் மேல் வளைவுக்கும் நடுக் கோட்டுக்கும் இடையில் இருந்த திறப்பு அந்த நிரப்பலில் மூடிப் போயிற்று.

தமிழ் எழுத்துக்கு இது இன்னும் கொடுமை. ஐபேடில் வழக்கமான எழுத்தளவில் வந்த ஒரு தமிழ் வரியை எடுத்து, விரல்களால் விரித்துப் பெரிதாக்கி எண்ணிப் பார்த்தேன். மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி ஐந்து பிக்சல் அகலம் இருந்தது. கால் பங்காகச் சுருக்கினால் அது ஒன்றேகால் பிக்சல். சாம்பல் நிறத்தில் ஒரு கறைபோல நிற்கும், அல்லது காணாமல் போகும். 'கொடு' என்பதையும் 'கோடு' என்பதையும் பிரிப்பது கொம்பின் ஒரு சுழி. 'பணி'யையும் 'பனி'யையும் பிரிப்பதும் ஒரு சுழி. ஆங்கில எழுத்து தாங்குகிற சுருக்கத்தை நம் எழுத்து தாங்காது. ஆங்கிலப் பக்கங்களை வைத்து எழுதப்பட்ட 'பாதியாகச் சுருக்குங்கள், போதும்' என்ற அறிவுரைகளை நம்பித் தமிழ்ப் பக்கத்தைச் சுருக்காதீர்கள்.

என் சாம்சங் டேப்லெட்டின் திரை 1920க்கு 1200 பிக்சல். அங்குலத்துக்கு ஏறத்தாழ 206 பிக்சல். ஐபேடில் அது 264. ஒரே அளவு எழுத்துக்கு சாம்சங்கில் பிக்சல் குறைவு என்பதால், அங்கே எடுத்த படத்தைச் சுருக்குவதில் இன்னும் சிக்கனமாக இருக்க வேண்டும்.

முதல் வழி: எடுத்த படத்தைச் சுருக்குவது

பெரும்பாலோர் முதலில் தேடுவது இதைத்தான். நான்கு விதமாகச் செய்து பார்த்தேன்.

சாம்சங்கில் இது மிக எளிது. கேலரியில் படத்தைத் திறந்து, திருத்தும் பென்சில் குறியைத் தொட்டு, மெனுவில் 'ரீசைஸ்' என்பதைத் தேர்ந்தால் சதவீதக் கணக்கில் குறைக்கலாம். வேறு செயலி வேண்டியதில்லை. புதிதாகக் கற்பவர்களுக்கு நான் தயங்காமல் காட்டுவது இதைத்தான்.

ஐபேடின் ஃபோட்டோஸ் செயலியில் வெட்டலாம், திருப்பலாம், பிக்சல் அளவைக் குறைக்க முடியாது. இதைத் தேடித் தேடிக் களைத்துப் போனவர்கள் பலர். ஆனால் ஃபைல்ஸ் செயலியில் வழி இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட்டை ஃபைல்ஸில் சேமித்து, அதன்மேல் விரலை அழுத்திப் பிடித்து, 'குவிக் ஆக்‌ஷன்ஸ்' உள்ளே 'கன்வர்ட் இமேஜ்' என்பதைத் தேர்ந்தால், கோப்பு வகையையும் சிறியது, நடுத்தரம், பெரியது, அசல் என்று அளவையும் கேட்கும். ஐபேடை இயக்கும் மென்பொருளான ஐபேட்ஓஎஸ் 16ஆம் பதிப்பு முதல் இது உண்டு. மெயில் செயலியிலும் இதே போன்ற வசதி இருக்கிறது. படத்தை இணைத்த பிறகு, முகவரிப் பகுதியில் படத்தின் அளவைக் காட்டும் வரியைத் தொட்டால் நான்கு அளவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

இந்த இரண்டிலும் குறை ஒன்றுதான். 'நடுத்தரம்' என்றால் எத்தனை பிக்சல் என்று நீங்கள் தீர்மானிக்க முடியாது. அது உங்களுக்கு முக்கியமானால் ஷார்ட்கட்ஸ் செயலிக்குத்தான் போக வேண்டும். அதில் 'ரீசைஸ் இமேஜ்' என்ற செயலைச் சேர்த்து, அகலம் 1080 என்று எழுதி, உயரத்தைத் தானாக அமையும்படி விட்டு, அடுத்துப் படத்தைச் சேமிக்கும் செயலைச் சேர்த்து, பகிரும் மெனுவில் தெரியும்படி செய்துவிட்டால் போதும். அதன்பின் எந்தப் படத்தையும் இரண்டு தொடுதலில் அதே அளவுக்குக் கொண்டுவரலாம். ஒரு நாள் மாலை அரை மணி நேரம் செலவழித்து அமைத்தேன். இன்றுவரை தினமும் பயன்படுகிறது. சரியான எண்ணைக் கேட்கும் இடங்களுக்கும் இதுதான் கைகொடுக்கும். சிங்கப்பூரின் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையம் கடப்பிதழ் முகப்படத்தை 400க்கு 514 பிக்சல் அளவில் கேட்கிறது. ஸ்கிரீன்ஷாட் அல்ல என்றாலும் வேலை ஒன்றுதான். முதலில் படத்தை 7க்கு 9 விகிதத்தில் வெட்டிவிட்டுப் பிறகு அளவை மாற்றுங்கள். வெட்டாமல் எண்ணை மட்டும் திணித்தால் முகம் நசுங்கும்.

பள்ளிக்காக வாங்கிய சாதனம் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் கற்றல் சாதனங்களில் மேலாண்மைச் செயலி இருக்கும். நினைத்த செயலியை எல்லாம் அதில் இறக்கிவிட முடியாது. மகளின் ஐபேடில் நான் வெளிச் செயலி எதையும் நாடாமல் உள்ளே இருப்பவற்றையே பழகிக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

'படத்தை இங்கே ஏற்றுங்கள், சுருக்கித் தருகிறோம்' என்று அழைக்கும் இணையத் தளங்களை நான் ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை. மருத்துவச் சந்திப்பு, வங்கிக் கணக்கு, அடையாள அட்டை எண் இருக்கும் படத்தை முகம் தெரியாத ஒரு தளத்துக்கு அனுப்புவதை எந்த வசதிக்காகவும் செய்யக்கூடாது.

இரண்டாம் வழி: வெட்டுவது

சுருக்குவதும் வெட்டுவதும் ஒன்று என்று வகுப்பில் பலர் நினைக்கிறார்கள். கோப்பு இரண்டிலும் சிறிதாகிறது என்பது உண்மை. ஆனால் சுருக்கும்போது எழுத்து பிக்சல்களை இழக்கிறது, வெட்டும்போது வேண்டாத பகுதி மட்டும் போகிறது, எழுத்து ஒரு பிக்சலையும் இழப்பதில்லை. இரண்டில் ஒன்றைத்தான் செய்யலாம் என்றால் வெட்டுங்கள். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

எவ்வளவு வெட்டுவது என்பதற்கு நான் கண்டுபிடித்த அளவுகோல் மிக எளியது. உங்கள் கைப்பேசியை எடுத்து, டேப்லெட் திரையில் தேவையான பகுதியின்மேல் நிமிர்த்தி வையுங்கள். கைப்பேசி மறைக்கிற அகலம் எவ்வளவோ, படத்தை அந்த அகலத்துக்கு வெட்டுங்கள். அப்படிச் செய்தால் டேப்லெட்டில் எழுத்து எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ, வாங்குபவரின் கைப்பேசியிலும் கிட்டத்தட்ட அவ்வளவு பெரிதாகவே தெரியும். சமூக மன்றத்தில் இதைச் செய்து காட்டியபோது, எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் தன் கைப்பேசியை என் டேப்லெட்மேல் நகர்த்தி நகர்த்திப் பார்த்துவிட்டு, "ஓ, இந்தச் சன்னல் வழியாகத்தான் நாங்கள் பார்க்கிறோமா!" என்றார். அந்தச் சொல்லை அன்றிலிருந்து என் பாடத்தில் வைத்திருக்கிறேன்.

ஐபேடில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தவுடன் இடது கீழ் மூலையில் சிறு படம் தோன்றும். அதைத் தொட்டால் ஓரங்களை இழுத்து அங்கேயே வெட்டலாம். சாம்சங்கிலும் எடுத்தவுடன் கீழே ஒரு கருவிப்பட்டை வரும், அதில் வெட்டும் குறி இருக்கும். சாம்சங்கில் இன்னொரு நல்ல வசதி, செட்டிங்ஸில் ஸ்கிரீன்ஷாட் பகுதிக்குப் போனால், மேலே நேரமும் பேட்டரியும் காட்டும் பட்டையும் கீழே உள்ள பொத்தான்களும் படத்தில் வராதபடி செய்துவிடலாம். வழிகாட்டித் தாள் செய்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஐபேடில் ஒவ்வொரு படத்திலும் மேல் ஓரத்தைக் கையால் நறுக்க வேண்டியிருக்கிறது.

தனிப்பட்ட விவரங்களை மறைக்கவும் வெட்டுவதே நல்லது. அடையாள அட்டை எண்ணின்மேல் மார்க்கரால் கறுப்பாகத் தீட்டி அனுப்புபவர்களைப் பார்க்கிறேன். சில பேனாக்களின் மை ஒளி ஊடுருவக்கூடியது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருக்கும் எண் எட்டிப் பார்க்கும். இயன்றவரை அந்த வரியையே வெட்டிவிடுங்கள். ஐபேடில் வெட்டிய படத்தை ஏர்டிராப் மூலம் அனுப்பும்போது 'ஆல் ஃபோட்டோஸ் டேட்டா' என்ற தெரிவு போடப்பட்டிருந்தால், வெட்டாத அசலும் சேர்ந்தே போகும், வாங்குபவர் அதை மீட்டுப் பார்க்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூன்றாம் வழி: திரையை முதலில் சரிசெய்வது

இதைத்தான் நான் இப்போது முதல் வேலையாகச் செய்கிறேன். மற்ற இரண்டு வழிகளும் எடுத்த படத்தோடு மல்லுக்கட்டுகின்றன. இதில் படம் பிறக்கும்போதே எழுத்து பெரிதாகப் பிறக்கிறது. ஸ்கிரீன்ஷாட்டின் மொத்த பிக்சல் மாறாது. ஒவ்வொரு எழுத்துக்கும் கிடைக்கும் பங்குதான் கூடுகிறது. புள்ளி ஐந்து பிக்சலுக்குப் பதில் எட்டு, ஒன்பது பிக்சல் அகலத்தில் விழுந்தால், பிறகு பாதியாகச் சுருக்கினாலும் அது பிழைத்துக்கொள்ளும்.

பெரிதாக்கும் வழிகள் ஒன்றுபோல் இல்லை, ஒவ்வொன்றும் வேறு வேறு வேலை செய்கிறது. இங்கேதான் குழப்பம் அதிகம்.

எழுத்தளவு என்பது ஒன்று. ஐபேடில் 'டிஸ்பிளே அண்ட் பிரைட்னஸ்' உள்ளே 'டெக்ஸ்ட் சைஸ்'. அங்கே ஏழு படிகள். அது போதாதென்றால் 'அக்ஸஸிபிலிட்டி' பகுதியில் 'லார்ஜர் டெக்ஸ்ட்' என்பதை இயக்கினால் மேலும் ஐந்து படிகள் கிடைக்கும். ஆனால் இந்த அளவைப் பின்பற்றும்படி எழுதப்பட்ட செயலிகளில் மட்டுமே எழுத்து வளரும். மற்றவை அசையாது. கடைசிப் படிகளுக்குப் போனால் சில செயலிகளில் சொற்கள் பாதியில் நின்று மூன்று புள்ளியோடு முடிந்துவிடுகின்றன. வழிகாட்டிக்கு அது உதவாது. சாதாரண அளவிலிருந்து இரண்டு மூன்று படி மேலே போய் நிறுத்திக்கொள்வது எனக்குச் சரியாக வருகிறது. ஐபேட்ஓஎஸ் 15 முதல், ஒரு செயலிக்கு மட்டும் எழுத்தளவை மாற்றும் வசதியும் இருக்கிறது. கன்ட்ரோல் சென்டரில் எழுத்தளவுப் பொத்தானைச் சேர்த்துவிட்டால், திறந்திருக்கும் செயலிக்கு மட்டுமா எல்லாவற்றுக்குமா என்று கீழே தெரிவு செய்யலாம். ஒரே டேப்லெட்டை வீட்டில் மூன்று பேர் பயன்படுத்தும்போது இதன் அருமை புரியும்.

திரையளவு என்பது இன்னொன்று. சாம்சங்கில் 'டிஸ்பிளே' உள்ளே 'ஸ்கிரீன் ஜூம்' என்று இருக்கும். எழுத்தோடு பொத்தான், குறி, இடைவெளி எல்லாமே சேர்ந்து பெரிதாகும். ஆண்ட்ராய்டில் இந்த வசதி 2016இல் வந்த 7ஆம் பதிப்பிலிருந்தே உண்டு. விளக்கப் படத்துக்கு எழுத்தளவைவிட இதுவே மேல் என்பது என் தீர்ப்பு. எழுத்து மட்டும் வளர்ந்தால் பக்கத்தின் அமைப்பு கோணலாகிறது, எல்லாம் சேர்ந்து வளர்ந்தால் பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் சாம்சங்குக்கு நான் முழு மதிப்பெண் தருகிறேன். ஐபேடில் இதற்கு இணையான 'டிஸ்பிளே ஜூம்' சில மாடல்களில் மட்டுமே இருக்கிறது. அதில் 'மோர் ஸ்பேஸ்' என்ற தெரிவைப் பார்த்தால் தொடாதீர்கள், அது எல்லாவற்றையும் சிறிதாக்கும்.

மூன்றாவது, உலாவியின் பக்க அளவு. இணையப் பக்கத்தை எடுக்கிறீர்கள் என்றால் டேப்லெட்டின் அமைப்புகளுக்குப் போகவே வேண்டாம். சஃபாரியில் முகவரிப் பட்டை ஓரத்தில் இருக்கும் பக்க மெனுவைத் தொட்டால் 50 முதல் 300 சதவீதம் வரை மாற்றலாம். நான் 150இல் வைத்து எடுக்கிறேன். ஐபேடின் சஃபாரி, ஐபேட்ஓஎஸ் 13 முதல், பக்கங்களைக் கணினியில் தெரிவதுபோலவே கேட்டு வாங்குகிறது. அதே மெனுவில் 'ரிக்வெஸ்ட் மொபைல் வெப்சைட்' என்பதைத் தொட்டால் கைப்பேசித் தோற்றம் வரும்.

இவற்றை எல்லாம்விட எனக்கு அதிகம் கைகொடுத்தது சன்னலைக் குறுக்குவது. இரண்டு செயலிகளைப் பக்கம் பக்கமாகத் திறந்து, எனக்கு வேண்டியதைக் குறுகிய பக்கத்தில் வைக்கிறேன். பெரும்பாலான இணையப் பக்கங்களும் செயலிகளும் அந்த அகலத்துக்கு ஏற்ப ஒடுங்கி, கைப்பேசியில் தெரிவதுபோலவே நிற்கின்றன. அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால், மூத்தோர் தம் கையில் பார்க்கும் திரையும் என் தாளில் இருக்கும் படமும் ஒத்துப்போகின்றன. முன்பெல்லாம் படுக்கைவாட்டில் எடுத்த படத்தைக் காட்டி, "இடது பக்கத்து மெனுவைத் தொடுங்கள்" என்று எழுதியிருப்பேன். அவர்களுடைய கைப்பேசியில் அந்த மெனு மூன்று கோட்டுக் குறிக்குள் ஒளிந்திருக்கும். "என்னுடையதில் அது இல்லையே தம்பி" என்று ஒருவர் பின் ஒருவராகக் கை தூக்குவார்கள். எழுத்து பெரிதாகத் தெரிந்தால் மட்டும் போதாது, தெரிவது அவர்கள் முன்னால் இருப்பதாகவும் இருக்க வேண்டும் என்பதை அந்தக் கைகள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தன.

பாட்டியின் அடுத்த சந்திப்பை இப்படித்தான் எடுத்தேன். சன்னலைக் குறுக்கினேன், பக்க அளவை 150க்கு உயர்த்தினேன், தேதியும் நேரமும் அறை எண்ணும் இருக்கும் பகுதியை மட்டும் வெட்டினேன், சுருக்கவே இல்லை. அனுப்பும் முன் என் கைப்பேசிக்கு அனுப்பி, கையை நீட்டிப் பிடித்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்துப் பார்த்தேன்.

ஒளி, நிறம் பற்றி ஒரு சிறு குறிப்பு. திரையின் வெளிச்சத்தைக் கூட்டினால் ஸ்கிரீன்ஷாட் பளிச்சென்று வரும் என்று நினைப்பது தவறு. வெளிச்சமும், இரவில் திரையை மஞ்சளாக்கும் நைட் ஷிஃப்ட் வசதியும் படத்தில் பதிவதில்லை. ஆனால் கறுப்புப் பின்னணி கொண்ட டார்க் மோட் பதியும். தாளில் அச்சிடுவதாக இருந்தால் அதை அணைத்துவிட்டு எடுங்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளைத் தமிழ் எழுத்து அச்சில் ஊறி, சுழிகள் அடைத்துப் போகின்றன.

கோப்பு வகை, அனுப்பும் வழி

ஐபேட் ஸ்கிரீன்ஷாட்டைப் பிஎன்ஜி வகையில் சேமிக்கிறது. அதில் எந்தத் தகவலும் இழக்கப்படுவதில்லை. ஜேபெக் வகை, படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்குத் தெரியாது என்று கருதும் நுணுக்கங்களைக் கழித்துவிடுகிறது. முகங்களுக்கும் இயற்கைக் காட்சிக்கும் அது பொருந்தும். எழுத்தின் ஓரங்களிலோ அது அழுக்குபோல் படியும். சாம்சங்கில் செட்டிங்ஸில் ஸ்கிரீன்ஷாட் பகுதியில் எந்த வகை என்பதை மாற்றலாம். எழுத்து இருக்கும் படத்துக்கு பிஎன்ஜி வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு பார்த்துப் பார்த்து எடுத்தாலும் வாட்ஸ்அப் அனுப்பும்போது படத்தைத் தன் பங்குக்குச் சுருக்கும். 2023இல் எச்டி பொத்தானைச் சேர்த்தார்கள். அதைத் தொட்டு அனுப்பினால் இழப்பு குறைவு. படமாக அல்லாமல் 'டாக்குமென்ட்' ஆக இணைத்தால் அசல் அப்படியே போகும், ஆனால் வாங்குபவர் அதைத் தனியாகத் திறக்க வேண்டும். அந்த ஒரு கூடுதல் தொடுதலில் பல மூத்தோர் தடுமாறுகிறார்கள். ஆகவே எச்டி என்பதே என் தேர்வு. நீண்ட பக்கம் முழுவதையும் உருட்டி ஒரே படமாக எடுத்து அனுப்புவதைத் தவிருங்கள். அது நூல்போல நீண்டு, அனுப்பியபின் அகலம் குறைந்து மங்கிவிடுகிறது. மூன்று நான்கு துண்டுகளாக எடுத்து, 1, 2, 3 என்று எண்ணிட்டு அனுப்பினால் படிப்பவருக்கும் எளிது. முழுப் பக்கம் வேண்டியே தீரும் என்றால், சஃபாரியில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தவுடன் 'ஃபுல் பேஜ்' என்பதைத் தேர்ந்து பிடிஎஃப் ஆகச் சேமிக்கலாம். அதை அச்சிடுவதற்கும் கோப்பில் வைப்பதற்கும் பயன்படுத்துங்கள்.

எதற்கு எதைத் தேர்வது

கைப்பேசியில் பார்க்கும் மூத்தோருக்கு: குறுகிய சன்னல், பெரிதாக்கிய பக்கம், வெட்டு, எச்டி. சுருக்கம் வேண்டாம். வெட்டிய படம் ஏற்கெனவே சிறிய கோப்புதான்.

ஏ4 தாளில் அச்சிட: ஓரம் விட்டால் படத்துக்குக் கிடைப்பது 17 சென்டிமீட்டர் அகலம். ஐபேடின் முழு அகலப் படத்தை அதில் வைத்தால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 320 பிக்சல் கிடைக்கும். அச்சு அருமையாக வரும், ஆனால் எழுத்து திரையில் இருந்ததைவிடச் சற்றுச் சிறிதாகும். பாதி அகலத்துக்கு வெட்டி அதே 17 சென்டிமீட்டரில் வைத்தால் அங்குலத்துக்கு 160 பிக்சல், எழுத்து திரையில் இருந்ததைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் பெரிதாகும். மூத்தோர் தாளுக்கு நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன். கால் பங்காகச் சுருக்கிய படம் அதே இடத்தில் அங்குலத்துக்கு 80 பிக்சல்தான் தரும், எழுத்தும் பெரிதாகாது. ஒரு பலனும் இல்லாத வழி அது.

மாணவர்களின் பயிற்சித்தாளுக்கோ வகுப்பில் சுவரில் ஒளிவீசிக் காட்டுவதற்கோ என்றால், 1080 பிக்சல் அகலத்துக்குச் சுருக்குவதில் தவறில்லை, எழுத்தை முதலில் பெரிதாக்கி எடுத்திருந்தால். நீங்கள் படத்தின்மேல் எழுதும் குறிப்புகளையும் சிவப்பு வட்டங்களையும் சுருக்கிய பிறகே போடுங்கள். முன்பே எழுதினால் அவையும் சேர்ந்து சுருங்கும்.

புதிதாக டேப்லெட் வாங்குபவர் இந்த வேலைக்கு எதை வாங்கலாம் என்று கேட்டால், படிப்படியான விளக்கங்களைச் செய்பவருக்கு சாம்சங்கைச் சொல்வேன். ஸ்கிரீன் ஜூம், பட்டைகளை மறைக்கும் வசதி, கேலரியிலேயே சுருக்கும் வசதி மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது பெரிய விஷயம். அச்சிடும் தாள்தான் முக்கியம், எழுத்துத் தெளிவில் விட்டுக்கொடுக்க முடியாது என்பவருக்கு ஐபேட். ஏற்கெனவே வீட்டில் ஒன்று இருந்தால், இதற்காக இன்னொன்று வாங்க வேண்டிய தேவை எதுவும் இல்லை.

வேலை முடிந்ததும் எழுத்தளவையும் பக்க அளவையும் பழைய நிலைக்குக் கொண்டுவர மறக்காதீர்கள். சனிக்கிழமைத் தாள்களை முடித்தபின் நான் அதை மாற்றிவைத்து, திங்கட்கிழமைக்காக மகளின் பள்ளிப் பையில் ஐபேடைத் திரும்ப வைக்கிறேன்.